தத்துவ போதகர்

எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் வாரந்தோறும் ஒன்றுகூடி வேதாகமம் வாசிக்கிறோம். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்போம். ஒரு நாள் அருள் என்ற சொல் வந்தது. இத்தகைய தமிழ்ச் சொற்களை நம் மறையில் வேரூன்றச் செய்தவர் யார் என்ற பேச்சு எழுந்தது. அவரே தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார்.

இத்தாலியில் 1577-ஆம் ஆண்டு பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவர், சேசு சபைத் துறவியாகி 1606-இல் மதுரை வந்தார். காவியுடுத்தி, புலால் மறுத்து, தமிழும் வடமொழியும் கற்றார். அருள், குரு, வேதம், பூசை முதலிய சொற்களைக் கையாண்டார். இதனால் சொந்தத் திருச்சபையினரே அவரைக் குறைகூறினர். 1619-இல் கோவாவில் விசாரணையும் நடந்தது. 1623-இல்தான் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்கு அனுமதி வழங்கினார்.

அதே ஆண்டு அடிகளார் நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1625-இல் சேலத்தில் திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

அன்றைய சாதிப் பிரிவினையை அடிகளார் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஒரே பாயில் அமர்ந்து ஒரே புத்தகத்தை வாசிக்கும் எங்களுக்கு இது வருத்தமே. அவர் விட்டுச்சென்ற இப்பணியை நாம்தான் முடிக்க வேண்டும்.

முதுமையில் கண்பார்வை மங்கியபோதும் பிறர் துணையோடு தம் நூல்களைத் திருத்தினார். 1656-இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

வேற்று நாட்டவர் பாடுபட்டுக் கற்ற மொழி நமக்குத் தாய்மொழியாகவே கிடைத்திருக்கிறது. ஆகவே, இறைவார்த்தையை அவசரமாக வாசித்து முடிக்காமல், ஒவ்வொரு சொல்லையும் உணர்ந்து வாசிப்போமாக!