புளிப்பை அளந்த மேதை

கோத்தகிரியில் தேயிலை செழித்து வளர்கிறது. மழையும் குளிரும் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. மண்ணில் உள்ள புளிப்பும் ஒரு காரணம்!

புளிப்பு மண்தான் தேயிலைக்குப் பிடிக்கும். ஆனால் புளிப்பு அளவு மீறினால், உரம் போட்டும் செடி தேறாது. அப்போது சுண்ணாம்புச் சத்து போடவேண்டும். புளிப்பு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை எண்ணால் சொல்ல வழி காட்டியவர் சோரன்சன்.

விவசாயி மகன்

ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு டென்மார்க். அங்கே 1868-ம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாக சோரன்சன் பிறந்தார். கோபன்ஹேகன் நகருக்கு வைத்தியம் படிக்கப் போனார். ஆனால் ரசாயனம் அவர் மனதைக் கவர்ந்தது. வைத்தியப் படிப்பை விட்டுவிட்டு ரசாயனம் படித்தார்.

1901-ம் ஆண்டு, கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக்கூடத்தில் ரசாயனப் பிரிவின் தலைவர் ஆனார். பீர் தொழிற்சாலை அதிபர் ஒருவர் நிறுவிய ஆராய்ச்சிக்கூடம் அது.

7-க்குக் கீழே புளிப்பு

புளிப்பு சிறிது மாறினாலும், நொதிகள் வேலை செய்யும் வேகம் மாறிவிடும். அதனால் அதைத் துல்லியமாக அளக்க விரும்பினார் சோரன்சன். 1909-ம் ஆண்டு "பி.எச்." என்ற அளவை வெளியிட்டார்.

சுத்தமான தண்ணீருக்கு எண் 7. அதற்குக் கீழே போனால் புளிப்பு. மேலே போனால் காரம். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள்! தேயிலை மண்ணுக்கு ஏற்ற எண் 4.5 முதல் 5.5 வரை.

எதைக் கொண்டு அளப்பது?

எண் கிடைத்தது. அளக்கும் கருவி எது? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிறம் மாறும் சாயம். மற்றொன்று, மின்சாரத்தால் அளக்கும் மின்வாய்.

சாயம் சுலபமானது. ஆனால் கலங்கிய நீரில் நிறம் தெரியாது. புரதம் கலந்திருந்தால் சில சாயங்கள் பொய் சொல்லும்! எனவே சோரன்சன் பல சாயங்களை எடுத்து, மின்வாயுடன் ஒப்பிட்டுச் சோதித்தார். நம்பக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார். அளவு தெரிந்த கரைசல்களையும் தயாரித்து, அவற்றைக் கொண்டு சரிபார்த்தார்.

அதே 1909-ம் ஆண்டில், ஜெர்மனியில் ஹேபரும் கிளெமென்சீவிச்சும் கண்ணாடி மின்வாய் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்று தொழிற்சாலைகளிலும் குடிநீர் நிலையங்களிலும் பெரும்பாலும் கண்ணாடி மின்வாய்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. புளோரைடு கலந்த அமிலம் கண்ணாடியை அரித்துவிடும். அங்கே ஆன்டிமனி என்ற உலோகத்தால் ஆன மின்வாய் வேண்டும். சேறும் எண்ணெயும் உள்ள கழிவுநீரில், அடிக்கடி கழுவி வைக்காவிட்டால் எண் தவறிவிடும்.

எண் தவறினால் நஷ்டம் யாருக்கு? தேவையில்லாத சுண்ணாம்பை வாங்கிக் கொட்டும் சிறு விவசாயிக்கு! குடிநீரின் எண் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவே இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி. அங்கே எண் தவறினால் ஊருக்கே தொல்லை.

சோரன்சன் 1938-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். மறு ஆண்டு காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கோத்தகிரி மண்ணைச் சோதித்து எழுதும் எண், அந்த விவசாயி மகன் வகுத்துத் தந்த எண்தான்!