ஒரு நிமிடப் பாட்டுக்கு 3 வார உழைப்பு! பிரெடி மெர்க்குரியின் வாழ்க்கைக் கதை

பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். திடீரென்று ஓர் இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது. கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது. அந்த இடம் சில விநாடிதான் இருக்கும். ஆனாலும், அந்தச் சில விநாடிக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

மேல்நாட்டில் "ராக்" என்று ஒரு வகை இசை உண்டு. மின்சார கிதார் முழங்கும். டிரம் அதிரும். பாடகர் தொண்டை அதிரப் பாடுவார். அந்த இசையில், கேட்பவர்களைச் சிலிர்க்க வைப்பதில் மன்னராக விளங்கியவர், பிரெடி மெர்க்குரி.

அவர் வெள்ளைக்காரர் அல்ல. இந்தியப் பார்சிக் குடும்பத்தின் பிள்ளை. பள்ளிப் படிப்பும் நம் நாட்டில்தான்!

தீவில் பிறந்தார்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அருகே சான்சிபார் என்று ஒரு தீவு இருக்கிறது. கிராம்புக்குப் பேர்போன தீவு. அங்கே 1946-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி பிரெடி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பரூக் பல்சாரா.

தந்தை பெயர் போமி. தாயார் பெயர் ஜெர். இருவரும் குஜராத்தைச் சேர்ந்த பார்சிகள். அப்போது சான்சிபாரில் பிரிட்டிஷார் அதிகாரம் செலுத்தினார்கள். அவர்களுடைய கோர்ட்டில் போமி காசாளராக வேலை பார்த்தார்.

மகனை இந்தியாவில் படிக்க வைக்கப் பெற்றோர் விரும்பினார்கள். சிறுவன் பரூக் 8 வயதில் கப்பல் ஏறினான். பம்பாயில் இறங்கி, அங்கிருந்து பஞ்ச்கனி என்ற மலை ஊருக்குப் போனான். அங்குள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் விடுதியில் சேர்ந்தான். தாயும் தந்தையும் கடலுக்கு அப்பால். இவன் தன்னந்தனியே.

அவன் கூச்சம் மிகுந்த பையன். வாயில் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்திருந்தன. அதனால் மேல்வரிசைப் பற்கள் முன்னே தள்ளிக்கொண்டு நின்றன. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு வந்தது. பிற்காலத்தில் கையில் பணம் வந்தபோதும் அவர் பல்லைத் திருத்திக் கொள்ளவில்லை. பல்லில் கை வைத்தால் குரல் கெட்டுவிடுமோ என்ற பயம்தான் காரணம்!

கைகொடுத்தது பியானோ

தனிமையில் தவித்த சிறுவனுக்குப் பியானோ கைகொடுத்தது. ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்பான். உடனே அதை அப்படியே பியானோவில் வாசிப்பான். 12 வயதில் பள்ளித் தோழர்களுடன் சேர்ந்து ஒரு சிறு இசைக்குழு தொடங்கினான். நண்பர்கள் அவனைப் "பிரெடி" என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

1963-ம் ஆண்டு பிரெடி சான்சிபாருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே அங்கு புரட்சி மூண்டது. ஆயிரக்கணக்கான அராபியர்களும் இந்தியர்களும் கொல்லப்பட்டனர். பல்சாரா குடும்பம் உயிர் பிழைத்தால் போதும் என்று இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. லண்டன் நகருக்கு அருகே பெல்தாம் என்ற இடத்தில் ஒரு சிறிய வீட்டில் குடியேறியது. அப்போது பிரெடிக்கு வயது 17.

மூட்டை தூக்கினார்

பிரெடி, ஈலிங் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே! லண்டன் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கினார். பிறகு, கென்சிங்டன் கடைவீதியில் நண்பர் ரோஜர் டெய்லருடன் சேர்ந்து துணிக்கடை வைத்தார்.

ரோஜர், டிரம் வாசிப்பவர். பிரையன் மே என்ற கிதார்க் கலைஞருடன் ஒரு குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் பாடகர் விலகிக்கொண்டார். அவருடைய இடத்துக்குப் பிரெடி வந்தார். இது நடந்தது 1970-ம் ஆண்டில்.

குழுவுக்குக் "குயீன்" என்று புதுப் பெயர் வைத்தார் பிரெடி. அதற்கு "மகாராணி" என்று பொருள். தம் பெயரையும் பிரெடி மெர்க்குரி என்று மாற்றிக் கொண்டார். கல்லூரியில் கற்ற ஓவியம் வீண் போகவில்லை. குழுவின் சின்னத்தையும் அவரே வரைந்தார். அடுத்த ஆண்டில் ஜான் டீக்கன் என்ற கிதார்க் கலைஞர் நான்காவது ஆளாகச் சேர்ந்தார்.

ஐந்து பாட்டு ஒரே பாட்டில்!

1975-ம் ஆண்டு. பிரெடியின் மனதில் ஒரு விசித்திரமான பாட்டு உருவாகியிருந்தது. அதன் பெயர் "போஹீமியன் ராப்சடி".

முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல் பல குரல்கள் சேர்ந்து பாடும். பிறகு பியானோவுடன் ஓர் இளைஞனின் சோகம். அதன் பின் கிதார். அடுத்து, மேல்நாட்டு இசை நாடகம்போல ஒரு பெருங்கூட்டம் மாறி மாறிப் பாடும். திடீரென்று இடி இடித்தாற்போல ராக் இசை. கடைசியில் எல்லாம் அடங்கி, ஒரு சேகண்டி ஒலியுடன் முடியும்.

இதில் பல்லவி என்று திரும்ப வரும் பகுதியே கிடையாது. ஒரே பாட்டில் ஐந்து பாட்டு!

வேல்ஸ் நாட்டில் மான்மவுத் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை இருக்கிறது. அங்குள்ள ராக்பீல்டு ஸ்டூடியோவில் 1975 ஆகஸ்டு மாதம் ஒலிப்பதிவு தொடங்கியது. நாடகப் பகுதி ஓடுவது ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிடித்தது மூன்று வாரம்!

கேட்டால் நூறு பேர் பாடுவதுபோல் இருக்கும். பாடியவர்கள் மூன்றே பேர். பிரையன் கீழ்க்குரலில் பாடினார். பிரெடி நடுக்குரலில் பாடினார். ரோஜர் உச்சக்குரலில் பாடினார். ஒரு முறை பாடிப் பதிவு செய்வார்கள். அதன்மேல் இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. நாள்தோறும் 10 மணி நேரம், 12 மணி நேரம் இப்படிப் பாடினார்கள். சுமார் 180 தடவை குரலின்மேல் குரல் ஏற்றப்பட்டது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஒலிப்பதிவு இல்லை. காந்த நாடாவில்தான் பதிவு செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப ஓடியதில் நாடாவே தேய்ந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், மறுபக்கம் தெரியும் அளவுக்கு அது மெலிந்துவிட்டது!

சிலிர்க்க வைக்கும் அந்த இடம்

இந்தப் பாட்டில் ரசிகர்கள் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. நாடகப் பகுதியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ரோஜரின் குரல் எட்ட முடியாத உயரத்துக்குப் போய் நிற்கும். அந்தக் கணத்தில் கிதாரும் டிரம்மும் அணை உடைந்தாற்போலப் பாயும்.

அந்தக் கிதார் இசையை அமைத்தவரும் பிரெடிதான். பியானோவில் வாசித்துக் காட்டினார். பிரையன் அதைக் கிதாரில் வாசித்தார்.

கிதார் மட்டும் தனியாக முழங்கியிருந்தால் அது மற்றொரு ராக் பாட்டு. அதற்கு முன்னால் சோகம் இருக்கிறது. குரல்களின் ஏற்றம் இருக்கிறது. நான்கு நிமிடம் காக்க வைத்த பிறகு வருவதால்தான் அது நெஞ்சை உலுக்குகிறது.

மேடையில் நாடகப் பகுதியைப் பாட முடியாது. மூவர் எப்படி நூறு பேர் ஆவது? எனவே, அந்த இடம் வந்ததும் நால்வரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். விளக்கு மங்கும். ஒலிநாடா மட்டும் ஓடும். ராக் பகுதி தொடங்கியதும் வெடி வெடிக்கும், விளக்குகள் பளிச்சிடும். நால்வரும் மேடையில் நிற்பார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும்!

கம்பெனியின் தயக்கம்

பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. ரேடியோக்காரர்கள் விரும்பியது 3 நிமிடப் பாட்டு. இவ்வளவு நீளமான பாட்டை யாரும் ஒலிபரப்ப மாட்டார்கள் என்று இசைத்தட்டுக் கம்பெனியார் கருதினார்கள். குறைக்கச் சொன்னார்கள். பிரெடி இணங்கவில்லை. போட்டால் முழுப் பாட்டு. இல்லாவிட்டால் வேண்டாம் என்று உறுதியாக நின்றார்.

லண்டன் ரேடியோ அறிவிப்பாளர் கென்னி எவரெட் அவருடைய நண்பர். அவர் கைக்கு அந்தப் பாட்டு போயிற்று. இரண்டே நாளில் 14 தடவை ஒலிபரப்பிவிட்டார்! ரசிகர்கள் இசைத்தட்டுக் கடைகளை மொய்த்தார்கள். தட்டோ இன்னும் வெளிவரவில்லை.

அக்டோபர் 31-ந்தேதி தட்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் 9 வாரம் முதல் இடத்தில் இருந்தது.

72 ஆயிரம் பேரை ஆட்டி வைத்தார்

1985-ம் ஆண்டு. எத்தியோப்பியா நாட்டில் கொடிய பஞ்சம். பஞ்ச நிவாரண நிதிக்காக, ஜூலை 13-ந்தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் மாபெரும் இசை விழா நடந்தது. புகழ்பெற்ற குழுக்கள் பல வந்தன. உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 20 நிமிடமே ஒதுக்கப்பட்டது. குயீன் குழுவினர் அதற்காக ஒரு நாடக அரங்கில் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு நிமிடமும் வீணாகாதபடி பாட்டுகளைச் சுருக்கி அடுக்கினார்கள்.

அன்று மாலை பிரெடி மேடைக்கு வந்தார். நடுவில் வாத்தியங்களை நிறுத்தினார். வார்த்தை இல்லாமல் குரலை மட்டும் எழுப்பினார். கூட்டம் திருப்பிப் பாடியது. இன்னும் மேலே போனார். கூட்டமும் போனது. ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். 72 ஆயிரம் பேரும் நீட்டிப் பிடித்தார்கள்!

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்த பஞ்ச்கனிச் சிறுவனா இவர்!

கொடிய நோய்

அடுத்த ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி, இங்கிலாந்தில் நெப்வொர்த் என்ற இடத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முன் பாடினார். நான்கு பேரும் சேர்ந்து நடத்திய கடைசிக் கச்சேரி அதுவே.

1987-ம் ஆண்டில் அவருக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது இன்று இருப்பதுபோல நல்ல மருந்துகள் இல்லை. நோயாளிகளை மக்கள் ஒதுக்கி வைத்தார்கள். பிரெடி நோயை வெளியே சொல்லவில்லை. ஆனால், பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1990-ம் ஆண்டு அவருக்காகப் பிரையன் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். என்ன நேர்ந்தாலும் ஆட்டம் நிற்கக்கூடாது என்ற கருத்துள்ள பாட்டு. உச்சக்குரலில் பாட வேண்டும். நிற்கவே சிரமப்படும் மனிதரால் முடியுமா என்று பிரையன் அஞ்சினார். பிரெடி ஒரு மடக்கு வோட்கா குடித்தார். ஒலிபெருக்கிமுன் போய் நின்றார். கணீரென்று பாடி முடித்தார்!

1991 மே மாதம், சுவிட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊரில் மற்றொரு பாட்டைப் பதிவு செய்தார். கடைசி அடிகள் பாக்கி இருந்தன. உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிறகு வந்து பாடுவதாகச் சொல்லிப் போனார். வரவே இல்லை. அந்த அடிகளைப் பிரையன் பாடி நிறைவு செய்தார்.

மறைவு

1991 நவம்பர் 23-ந்தேதி, தமக்கு எய்ட்ஸ் என்று பிரெடி உலகுக்கு அறிவித்தார். மறுநாள் லண்டனில் தம் வீட்டில் காலமானார். பார்சி சமயப்படி இறுதிச் சடங்கு நடந்தது.

சில வாரங்களில் "போஹீமியன் ராப்சடி" மீண்டும் வெளியிடப்பட்டது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பாட்டு மறுபடியும் முதல் இடம் பிடித்தது! அதில் கிடைத்த பணம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கத்துக்குச் சென்றது.

1992 ஏப்ரல் 20-ந்தேதி வெம்பிளி மைதானத்தில் அவருக்கு அஞ்சலிக் கச்சேரி நடந்தது. எய்ட்ஸ் ஒழிப்புக்காக அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மாந்த்ரோ ஏரிக்கரையில் அவருடைய சிலை, ஒரு கையை வானத்தை நோக்கி உயர்த்தியபடி நிற்கிறது.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று கம்பெனி தயங்கிய அந்த 5 நிமிடம் 55 விநாடிப் பாட்டை, அப்போது பிறக்காத பிள்ளைகளும் இன்று கேட்கிறார்கள். அணை உடையும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மூன்று வார உழைப்பு வீண் போகவில்லை!