திருமலை மன்னரும் அவர் மாளிகையும்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குத் தென்கிழக்கே, வானளாவிய தூண்கள் சூழ்ந்த மாளிகை ஒன்று விளங்குகின்றது. இதனைக் கட்டியவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை மதுரை நாட்டை ஆண்டவர் அவர்.

அவர் அரியணை ஏறியபோது தலைநகரம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. பாண்டியரின் பழம்பதியாகிய மதுரைக்கே அதனை அவர் மீண்டும் கொணர்ந்தார். 1636-இல் அரண்மனை எழுந்தது. அதன் அணிகலன் சுவர்க்கவிலாசம் என்னும் கொலுமண்டபம். பெருங்கல் தூண்களின்மேல் செங்கல் வளைவுகளை எழுப்பி, மரத்தூலமோ இரும்புச் சட்டமோ தாங்காமலே விதானம் நிற்குமாறு செய்தனர் அக்காலக் கொத்தர். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவைக் கலந்து பூசிய சாந்து பளிங்கென மின்னிற்று. கோயிலின் எதிரே புதுமண்டபமும், நகரின் கிழக்கே வைகை நீர் பாயும் வண்டியூர்த் தெப்பக்குளமும் அவர் பணிகளே. மீனாட்சி திருமணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் சித்திரைத் திங்களில் ஒருங்கே அமைத்தவர் அவரே என்பது மதுரை மக்களின் வழக்கு.

கலையில் சிறந்த மன்னர் அரசியலில் தவறாதவர் அல்லர். விசயநகரப் பேரரசரை எதிர்க்கக் கோல்கொண்டா சுல்தானின் துணையை நாடினார். அதனால் வடபுலப் படைகள் தெற்கே இறங்க வழி பிறந்தது. முடிவில் அவரும் கப்பம் கட்ட நேர்ந்தது. முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது மைசூர்ப் படை நாட்டினுட் புகுந்தது. இராமநாதபுரம் சேதுபதி விரைந்து வந்து அதனைத் துரத்தினார்.

மன்னர் மறைந்த சில ஆண்டுகளில், அவர் பெயரரான சொக்கநாதர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அரண்மனையின் பல பகுதிகளை இடித்து, வேலைப்பாடமைந்த பொருள்களைப் பெயர்த்துச் சென்றார். பகைவர் செய்யாததைப் பெயரர் செய்தார்! எஞ்சியது வெயிலிலும் மழையிலும் நின்று சிதைந்தது.

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அதனைக் கண்டு வருந்திப் பழுதுபார்க்கச் செய்தார். சீர்பெற்ற மாளிகையில் மாவட்ட நீதிமன்றம் நடைபெறலாயிற்று. கலையார்வத்தோடு அந்தத் தேவையும் சேர்ந்தே மாளிகையைக் காத்தது எனலாம். மன்னர் கொலுவீற்றிருந்த அரண்மனைக்கு, சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் நிலவழக்குகளோடு வந்து காத்திருந்தனர். 1970-இல் நீதிமன்றம் வேறிடம் சென்றது. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை மாளிகையைப் பேணி வருகின்றது. காண வருவோர் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். அவர்கள் காண்பது திருமலை மன்னர் கட்டியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே.