வெயிலின் பயன் உணர்த்திய ஹாரியட் சிக்

வயிற்றுப் பசி வாய்விட்டு அழும். ஊட்டக்குறையோ ஓசையின்றி உடலை அரிக்கும். அக்குறையைக் கண்டறிந்து, பச்சிளங் குழந்தைகளின் எலும்பையும் மூச்சையும் காத்தவர்களுள் ஒருவர் ஹாரியட் சிக்.

அவர் 1875ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, 1904இல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் பணி வேண்டினார். பெண்ணைச் சேர்க்கலாகாது என அங்கிருந்த சிலர் எதிர்த்தனர். எனினும் நிறுவனம் அவரை ஏற்றது. கிருமிநாசினிகள் செயல்படும் வேகம் குறித்து அவர் 1908இல் வெளியிட்ட ஆய்வு, குடிநீர்த் தூய்மிப்பில் இன்றும் பயன்படுகிறது.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னா நகரம் உணவின்றித் தவித்தது. அங்குள்ள குழந்தைகள் பலரை ரிக்கட்ஸ் நோய் வாட்டியது. 1919இல் சிக் தம் குழுவினருடன் அங்குச் சென்றார். இந்நோயால் கால்கள் வளைவதை எவரும் காண்பர். அதனினும் கொடியது விலா எலும்புகள் மென்மையாவது. மூச்சிழுக்கும்போது விரிய வேண்டிய நெஞ்சுக்கூடு உள்ளொடுங்கும்; நுரையீரலில் சளி தேங்கும். இத்தகைய குழந்தைகளை நிமோனியா எளிதில் பற்றி, உயிரையே பறித்தது.

ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை உருவாக்கிய புகழ்பெற்ற மருத்துவர் பிர்க்கே, அந்நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராக விளங்கினார். அவர் ரிக்கட்ஸைத் தொற்றுநோய் எனக் கருதினார். சிக் சொல்லால் வாதிடவில்லை, செயலால் சோதித்தார். ஒரே மருத்துவமனையில், ஒரே பராமரிப்பில் இருந்த குழந்தைகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் வழக்கமான பாலுணவு உண்டனர். மற்றவர்க்குப் பாலுடன் காட் மீனின் கல்லீரல் எண்ணெயும் தரப்பட்டது. குளிர்காலத்தில் முதற்பிரிவினர் பலரை நோய் பற்றியது. எண்ணெய் உண்டவரை அணுகவில்லை. தொற்றுநோயாயின் அருகருகே கிடந்தவருள் இவ்வேறுபாடு தோன்றுமா?

கோடையிலோ இரு பிரிவினரும் நலமாயிருந்தனர். திறந்தவெளியில் அவர்கள்மீது பட்ட வெயிலே அதற்குக் காரணம். நோயுற்ற குழந்தைகள் மீனெண்ணெயாலும், வெயிலாலும், புற ஊதா விளக்கொளியாலும் குணமடைந்தனர். தம் கருத்துக்கு மாறான அம்முடிவைப் பிர்க்கேயும் பெருந்தன்மையுடன் ஏற்றார்.

மீனெண்ணெயில் இருந்த அச்சத்தை 1922இல் அமெரிக்க அறிஞர் மெக்காலம் பிரித்துணர்ந்தார். அதுவே வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. வெயில் படும்போது நம் தோலிலும் அது உருவாகிறது. எலும்பை வலுப்படுத்தும் அச்சத்து, நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் துணைபுரிவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

1949இல் இங்கிலாந்து அரசு ‘டேம்’ என்னும் உயர் விருதளித்துச் சிக்கைச் சிறப்பித்தது. அவர் 1977இல் தம் 102ஆம் அகவையில் மறைந்தார். பெண்ணுக்கு இடமில்லை என்ற குரலைக் கடந்து ஆய்வுக்கூடம் புகுந்த அவரால், எத்தனையோ மழலையரின் மூச்சு சீரானது.