அ. லலிதா

அ. லலிதா (அய்யலசோமயாஜுலா லலிதா, ஆகஸ்ட் 27, 1919 - அக்டோபர் 12, 1979) இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர் ஆவார். சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943 இல் படிப்பை முடித்தார். கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். மின்கடத்துத் தடங்கள், துணைமின் நிலையங்கள் ஆகியவற்றின் வடிவமைப்பு இவரது முதன்மைத் துறையாகும். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்த பின்னரே இவர் பொறியியல் கற்கத் தொடங்கினார்.

பிறப்பும் இளமையும்

லலிதா சென்னையில் நடுத்தரத் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அக்குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பொறியியல் கற்றனர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதி வரையிலான கல்வி போதும் என்பதே வழக்கமாக இருந்தது. கல்வியில் ஈடுபாடு கொண்ட வீடுகளிலும் அக்காலத்தில் இதுவே நடைமுறை என்பதால், இதைக் கொண்டு சுப்பாராவைப் பழமைவாதி என மதிப்பிட இயலாது. அவர் பின்னர் செய்தவை வேறு விதமாக அமைந்தன.

1934 இல், தமது பதினைந்தாம் வயதில் லலிதாவுக்குத் திருமணம் நடைபெற்றது. 1930 இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்றே வரையறுத்திருந்ததால், இத்திருமணம் சட்டப்படி குழந்தைத் திருமணம் ஆகவில்லை. திருமணத்திற்குப் பின்னரும் அவர் படிப்பைத் தொடர்ந்து பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். 1937 இல் கணவர் காலமானபோது மகள் பிறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் உயர்சாதி இந்துக் குடும்பங்களின் இளம் கைம்பெண்கள் தலைமழித்தல், ஒருவேளை உணவு, வீட்டின் மூலையில் ஒதுங்கி வாழ்தல் போன்ற கட்டுப்பாடுகளுக்கு உள்ளாக்கப்பட்டனர். இந்நிலையை மாற்ற முயன்றவர்களும் சென்னையில் இருந்தனர். தாமே இளமையில் கைம்பெண்ணான சகோதரி சுப்பலட்சுமி 1911 இல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்கள் தங்கிக் கற்பதற்கான இல்லத்தை நடத்தி வந்தார். அவர்களுள் பலர் ஆசிரியைகள் ஆயினர். ஆசிரியைப் பணியும் மருத்துவமுமே அன்று பெண்களுக்குத் திறந்திருந்த தொழில்கள் எனலாம்.

பொறியியலைத் தேர்ந்த காரணம்

லலிதா இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து இடைநிலை வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்ததாக அவர் மருத்துவம் கற்றிருக்கக்கூடும். மேரி ஷார்லிப் 1875 இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் அங்கு பட்டம் பெற்றிருந்தார். எனவே பெண் ஒருவர் மருத்துவர் ஆவது 1930களில் புதுமை அன்று. ஆயினும் மருத்துவருக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரும். சிறு குழந்தையை விட்டுவிட்டு வேளைகெட்ட வேளையில் செல்ல வேண்டிய தொழிலை லலிதா விரும்பவில்லை. காலையில் சென்று மாலையில் திரும்பும் பணியே அவருக்குத் தேவைப்பட்டது. தந்தையையும் உடன்பிறந்தோரையும் பார்த்து வளர்ந்தமையால் பொறியியல் அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

பெண்களுக்கு ஏற்றதல்ல என்று பின்னாளில் பல நிறுவனங்களால் ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலை, குழந்தை வளர்ப்புக்கு ஏற்ற பணிநேரம் கொண்டது என்பதற்காகவே இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர் தேர்ந்தெடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கிண்டியில் கல்வி

கிண்டி பொறியியற் கல்லூரியின் தொடக்கம் 1794 இல் சென்னையில் எட்டு மாணவர்களுடன் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளி ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நில அளவையாளர்களை உருவாக்குவது அதன் நோக்கம். 1859 இல் அது பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. இயந்திரப் பொறியியல் 1894 இல் தொடங்கப்பட்டது. 1920 இல் கல்லூரி கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. தொடக்கப் பள்ளியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கு மாணவி ஒருவரும் கற்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் சுப்பாராவ் தம் மகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் கேட்டுக்கொண்டார். முதல்வரும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமும் இசைவளித்தனர். இவ்வாறு நான்காண்டு மின்பொறியியல் படிப்பில் லலிதா சேர்ந்தார். தந்தை அக்கல்லூரியின் பேராசிரியராக இல்லாதிருந்தால் இவ்விசைவு கிடைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. கதவு வெளியிலிருந்து தட்டப்பட்டதால் திறக்கவில்லை. உள்ளே இருந்த ஒருவர் அதைத் திறந்துவிட்டார். உத்திரமேரூர் வட்டத்துத் திருப்புலிவனம் போன்ற சிற்றூர்களின் பெண்களுக்கு அத்தகைய உறவு எந்தக் கல்லூரியிலும் இருந்ததில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கு 2010 முதல் தமிழக அரசு வழங்கிய கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கிய 2021 ஆம் ஆண்டுச் சட்டமும் வேறு வகையில் ஈடுசெய்ய முயன்றது இக்குறையையே ஆகும்.

லலிதா கல்லூரி விடுதியில் தங்கினார். மகளை அவருடைய சகோதரரின் குடும்பம் வளர்த்தது. வார இறுதிகளில் சென்று மகளைப் பார்த்து வந்தார். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே படிப்பது அவருக்குப் பெரிய இடையூறாக இருக்கவில்லை. உடன்படித்தோர் மரியாதையுடன் நடந்துகொண்டனர். மாலையில் விடுதியில் தனித்திருப்பதே கடினமாக இருந்தது. இதனை அறிந்த சுப்பாராவ், கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்யச் செய்தார். அடுத்த ஆண்டு பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவர் குடிசார் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர்.

போர்க்காலத்தில் பாடத்திட்டத்தின் கால அளவு சுருக்கப்பட்டதால், ஓராண்டு இளையவர்களான அவ்விருவரும் லலிதாவுடன் ஏறத்தாழ ஒரே காலத்தில் படிப்பை முடித்தனர். ஆகவே முதல் பெண் பொறியியலாளர் என்ற சிறப்பு மூவருக்கும் உரியது என்று கொள்வோரும் உளர். கல்லூரியில் முதலில் சேர்ந்தவர் என்ற முறையில் லலிதாவின் பெயரே முதலில் கூறப்படுகிறது. சான்றிதழ்ப் படிவங்கள் ஆண்பாலில் அச்சிடப்பட்டிருந்தமையால், இவருக்கு வழங்கியபோது ஆண்பாற் சொல்லை மையினால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை மேலே எழுதிக் கொடுத்தனர்.

தொடக்ககாலப் பணிகள்

பட்டப் படிப்பின் ஒரு பகுதியான செய்முறைப் பயிற்சியை லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூர் தொடர்வண்டிப் பணிமனையில் ஓராண்டு பெற்றார். 1862 இல் நிறுவப்பட்ட இப்பணிமனை நீராவி எஞ்சின்களைப் பழுது நீக்குவதற்கும் கட்டுவதற்கும் பெயர் பெற்றது.

1944 இல் சிம்லாவில் இயங்கிய மத்தியத் தரநிர்ணய நிறுவனத்தில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்து 1946 டிசம்பர் வரை பணியாற்றினார். குழந்தையுடன் தங்க உறவினர் வீடு இருந்த ஊரையே அவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பின்னர் சென்னை திரும்பித் தந்தையின் ஆய்வுகளுக்கு உதவினார். மின்சார இசைக்கருவியான ஜெலக்ட்ரோமோனியம், புகையில்லா அடுப்பு, மின்சுடர் உண்டாக்கும் கருவி ஆகியவை சுப்பாராவின் ஆக்கங்களாகும். அப்பணி மனநிறைவு தந்தாலும் வருவாய் போதவில்லை. மகளை வளர்க்க நிலையான ஊதியம் வேண்டியிருந்தது.

கல்கத்தாவில்

1948 இல் கல்கத்தாவில் பிரித்தானிய நிறுவனமான அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். இந்நிறுவனம் பிற்காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடன் இணைந்தது. கல்கத்தாவில் அவருடைய சகோதரர் வசித்ததால் மகளின் பராமரிப்பும் எளிதாயிற்று.

நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டு அது. மின்சாரம் சென்றடையாத ஊர்களே நாட்டில் மிகப் பெரும்பாலானவை. நீர்மின் திட்டங்கள் தொலைவில் உள்ள மலைப்பகுதிகளில் கட்டப்பட்டன. அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தை உயர் அழுத்தத்திற்கு மாற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடத்தி, துணைமின் நிலையங்களில் மீண்டும் தாழ்த்தி வழங்க வேண்டும். எந்த இடத்தில் மின்மாற்றியை வைப்பது, பழுது ஏற்பட்டால் எந்தப் பகுதியை மட்டும் துண்டிப்பது, அதற்கான காப்புக் கருவிகள் எவை என்பனவற்றைத் தீர்மானிப்பது துணைமின் நிலைய வடிவமைப்பாளரின் பொறுப்பு. லலிதா செய்தது இப்பணியே. மின்கடத்துத் தடங்களின் வடிவமைப்பு, காப்புக் கருவிகள், துணைமின் நிலைய அமைப்பு, ஒப்பந்தங்களை நிறைவேற்றுதல் ஆகியவை அவரது பொறுப்பில் இருந்தன.

சட்லஜ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பக்ரா நங்கல் திட்டத்தின் மின்னாக்கிகள் தொடர்பான பணி இவர் ஈடுபட்டவற்றுள் முதன்மையானது. ஏறத்தாழ 226 மீட்டர் உயரமுள்ள பக்ரா அணை 1963 அக்டோபரில் நேருவினால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆயினும் இவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தே பணியாற்றினார். கட்டுமான இடங்களுக்குத் தனியே பயணம் செய்து தங்குவது, கைம்பெண்ணான ஒருவருக்கு 1950களின் சமூகத்தில் பொருத்தமாகக் கருதப்படவில்லை. மின்பொறியியலில் கள அனுபவமே உயர்பதவிகளுக்கு வழி என்பதை இத்துறையினர் அறிவர். இவரை வரவேற்ற தொழில், அதன் ஒரு பாதியை மட்டுமே இவருக்குத் திறந்து வைத்திருந்தது. இன்றும் களப்பணியிலும் இரவுநேரப் பணியிலும் பெண் பொறியியலாளர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் இதிலிருந்து மிகவும் வேறுபட்டதன்று.

இலண்டனில் உள்ள மின்பொறியியலாளர் கழகம் 1953 இல் இவரை இணை உறுப்பினராகவும் 1966 இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது.

பன்னாட்டு மாநாடுகள்

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியியலாளர்கள் மற்றும் அறிவியலாளர்களின் முதலாவது பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அமெரிக்கப் பெண் பொறியியலாளர் சங்கம் இதனை ஏற்பாடு செய்தது. சுமார் 35 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 500 பேர் கலந்துகொண்டனர். இந்தியாவில் அப்போது பெண் பொறியியலாளர்களுக்கென அமைப்பு எதுவும் இல்லாததால், லலிதா தனிப்பட்ட முறையிலேயே கலந்துகொண்டார்.

அவரைக் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்குச் சேலை அணிந்த மின்பொறியியலாளர் ஒரு வியப்பாக இருந்தார். ஆனால் அன்று அமெரிக்கப் பொறியியலாளர்களிலும் பெண்கள் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற வேறுபாடு இவ்விடயத்தில் பெரிதாக இருக்கவில்லை என்பதை இம்மாநாடு வெளிப்படுத்தியது. முந்தைய நூற்றாண்டுகளில் பிறந்திருந்தால் கணவரின் சிதையில் தம் வாழ்வு முடிந்திருக்கக்கூடும் என்ற கருத்தை லலிதா அங்கே தெரிவித்தார்.

இங்கிலாந்தின் பெண்கள் பொறியியல் சங்கம் இவர் பிறந்த 1919 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. முதல் உலகப்போரின்போது தொழிற்சாலைகளில் பணியாற்றிய பெண்கள், போர் முடிந்ததும் வெளியேற்றப்பட்டதை எதிர்த்து அச்சங்கம் உருவாயிற்று. 1965 இல் லலிதா அதன் முழு உறுப்பினரானார். 1967 இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டிற்கு இந்தியப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். நாடெங்கும் சிதறியிருந்த பெண் பொறியியலாளர்களைக் கண்டறிந்து கடிதம் எழுதினார். ஐந்து இந்தியப் பெண் பொறியியலாளர்கள் அம்மாநாட்டில் பங்கேற்க வழிசெய்தார். முதல் மாநாட்டிற்குத் தனியாகச் சென்றவர் மூன்றாண்டுகளில் செய்த இப்பணி, அவருடைய தொழில்நுட்பப் பணிகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இறுதிக்காலம்

லலிதா 1977 இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் சகோதரியுடன் தென்னிந்தியாவின் பல இடங்களுக்குப் பயணம் செய்தார். மூளை இரத்தநாளக் கோளாறினால் 1979 அக்டோபர் 12 அன்று தமது அறுபதாம் வயதில் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

உடன்பயின்றோரும் பின்வந்தோரும்

திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் 1971 இல் தலைமைப் பொறியியலாளர் ஆனார். இந்திய மாநிலம் ஒன்றில் அப்பதவியை அடைந்த முதல் பெண் இவரே. லீலாம்மா ஜார்ஜ் திருவிதாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்து, இங்கிலாந்தில் நகரமைப்பு பயின்றார். வங்காளத்தில் சிப்பூர் பொறியியற் கல்லூரி 1947 இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. இலா மஜும்தார் 1951 இல் அங்கு இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார்.

கல்லூரிகள் திறந்த பின்னரும் தொழிற்சாலைகள் எளிதில் திறக்கவில்லை. 1974 இல் டெல்கோ நிறுவனம் பொறியியலாளர் பணிக்கான விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று குறிப்பிட்டிருந்தது. அதனை எதிர்த்து ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதிய சுதா மூர்த்தி பின்னர் அங்கேயே பணியில் அமர்த்தப்பட்டார். அப்போது லலிதா கல்கத்தாவில் கால் நூற்றாண்டுப் பணியை நிறைவு செய்திருந்தார்.

1990களில் மென்பொருள் துறை விரிவடைந்த பின்னர் நிலைமை வேகமாக மாறியது. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறைப் பணியாளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி உள்ளனர். மேல்நிலைப் பதவிகளில் இவ்விகிதம் மிகவும் குறைகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் மாணவிகள் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்தமையால், 2018 இல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. 2020 இல் இவ்விலக்கு இருபது விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கிண்டி பொறியியற் கல்லூரி 1978 இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று.