புதுநன்மைப் பாப்பரசர்

புதுநன்மைத் திருநாளன்று வெள்ளை உடை அணிந்து, கையில் மெழுகுதிரி ஏந்தி, பீடத்தை நோக்கி வரிசையாக வரும் சிறுவர் சிறுமியரைக் கண்டு உள்ளம் உருகாதவர் யார்? எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் திவ்விய நற்கருணை உட்கொள்வது நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் 1910-ம் ஆண்டுக்கு முன் பல நாடுகளில் இது அரிதான காரியம். பன்னிரண்டு, பதினான்கு வயது வரையிலும் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். அந்தத் தடையை நீக்கிச் சிறுவரை ஆண்டவரிடம் அழைத்து வந்தவர் புனித பத்தாம் பத்திநாதர். நம் பங்கின் யூபிலி மலரில் அவர் வாழ்வை நினைவு கூர்வது பொருத்தமே.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் ரியெசே என்னும் சிற்றூரில் 1835-ம் ஆண்டு ஜூன் 2-ம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜுசெப்பே, அதாவது சூசை. குடும்பப் பெயர் சார்த்தோ. தந்தை ஊர் அலுவலகத்தில் சேவகம் செய்து தபால் கொண்டு செல்பவர். தாய் மார்கெரித்தா தையல் வேலை செய்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தது கைக்குழந்தையாகவே இறந்துவிட்டதால், இரண்டாவதாகப் பிறந்த சூசையே வீட்டுக்கு மூத்த மகனானார். காஸ்தெல்பிராங்கோ நகரப் பள்ளிக்கு நாள்தோறும் பல மைல் நடப்பார். காலணி தேய்ந்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாராம். அன்றாட உணவின் அருமை அறிந்த வீடு அது. பின்னாளில் ஆன்ம உணவைப் பற்றி அவர் எடுத்த முடிவுகளை நினைக்கும்போது, இந்த வீட்டை நாம் மறக்கலாகாது.

உதவிச் சம்பளம் பெற்றுப் பதுவை நகர்க் குருமடத்தில் பயின்றார். இடையில் தந்தை இறந்தார். மூத்த மகன் வீட்டுக்குத் திரும்பி உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய நிலை. ஆயினும் அந்தத் தாய் மகனைத் திரும்ப அழைக்கவில்லை. ஊசியும் நூலும் கொண்டே குடும்பத்தைக் காப்பாற்றினார். 1858-ம் ஆண்டு செப்டம்பர் 18-ம் நாள் சூசை குருவானார்.

தொம்போலோ என்னும் கிராமத்தில் ஒன்பது ஆண்டு உதவிக் குரு. சல்சானோவில் எட்டு ஆண்டு பங்குக் குரு. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். 1873-ல் சல்சானோவில் காலரா பரவியபோது நோயாளிகள் வீடுதோறும் சென்று ஆறுதல் கூறி, இறந்தோரை அடக்கம் செய்யவும் துணை நின்றார். 1884-ல் மாந்துவா ஆயர். 1893-ல் கர்தினால், வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தை. எந்தப் பதவிக்கு உயர்ந்தாலும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதை அவர் விடவில்லை.

1903-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காலமானார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க உரோமைக்குப் புறப்பட்ட கர்தினால் சார்த்தோ, திரும்பி வரவும் சேர்த்தே ரயில் சீட்டு வாங்கினார் என்பார்கள். அந்தத் திரும்பும் சீட்டு பயன்படவே இல்லை. ஆகஸ்டு 4-ம் நாள் அவரே பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வத்திக்கானிலும் பங்குக் குருவைப் போலவே வாழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரண்மனை முற்றத்தில் மக்களைக் கூட்டி நற்செய்தியை எளிய முறையில் விளக்கினார்.

பாப்பரசரின் மனத்தை உறுத்திய காரியம் ஒன்று இருந்தது. ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் அடிக்கடி நற்கருணை உட்கொண்டார்கள். காலப்போக்கில் அந்த ஆர்வம் தணிந்தது. 1215-ல் கூடிய லாத்தரன் சங்கம், புத்தி விபரம் வந்த ஒவ்வொருவரும் வருடத்திற்கு ஒரு முறையேனும், பாஸ்கா காலத்தில், நன்மை வாங்க வேண்டும் என்று கட்டளையிடும் நிலை வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் திரிதெந்தீன் சங்கம், பூசை காண்போர் அந்தப் பூசையிலேயே நன்மை வாங்குவதை விரும்பியது. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பரவிய ஜான்சனியக் கொள்கை இதற்கு நேர்மாறாக நின்றது. 1643-ல் அந்துவான் அர்னோ எழுதிய நூல், அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி மக்கள் மனத்தில் அச்சத்தை விதைத்தது. நான் தகுதியற்றவன் என்று சொல்லி ஒதுங்கி நிற்பதே பக்தி என்று நல்லவர்களும் எண்ணத் தொடங்கினார்கள்.

இதனால் அதிகம் துன்புற்றவர்கள் சிறுவர்களே. சில இடங்களில், புத்தி விபரம் வந்த பிள்ளை சாகக் கிடக்கும்போது கூட, இன்னும் புதுநன்மை வாங்காத பிள்ளையென்று சொல்லி அவஸ்தை நன்மை கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்! வாழ்நாளில் ஒரு முறையும் ஆண்டவரை உட்கொள்ளாமல் அந்தப் பிள்ளை கண்ணை மூடிவிடும். கிராமத்துப் பங்குகளில் நோயாளிகளின் படுக்கையருகே பல ஆண்டுகள் நின்ற குருவுக்கு இதைப் பொறுக்க முடியுமா?

1905-ம் ஆண்டு டிசம்பர் 20-ம் நாள் அவருடைய ஒப்புதலோடு ஓர் ஆணை வெளியாயிற்று. சாவான பாவமின்றி, நேர்மையான கருத்தோடு வரும் எவரையும், தினந்தோறும் வந்தாலும், நற்கருணைப் பந்தியிலிருந்து தடுக்கலாகாது என்றது அது. நெடுநாள் நோயாளிகளுக்கு உபவாச ஒழுங்கு 1906-ல் தளர்த்தப்பட்டது. 1910 ஆகஸ்டு 8-ம் நாள் வெளியான ஆணை சிறுவருக்கு வழி திறந்தது. நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்தினின்று பிரித்தறியவும், தன் வயதுக்கேற்ற பக்தியோடு அணுகவும் தெரிந்தால் போதும். ஏறத்தாழ ஏழு வயதில் பிள்ளை நன்மை வாங்கலாம். இறக்கும் சிறுவருக்கு நன்மை மறுக்கும் வழக்கத்தை அந்த ஆணை வன்மையாகக் கண்டித்தது.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. முக்கியமாகப் பிரான்சில், இவ்வளவு சிறு வயதில் புதுநன்மை கொடுத்துவிட்டால் பிறகு பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு வரமாட்டார்களே என்று குருக்கள் பலர் கவலைப்பட்டனர். அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. ஆதலால் நன்மை வாங்கிய பிறகும் பிள்ளைகள் தங்கள் சக்திக்கேற்ப ஞானோபதேசம் முழுவதையும் படிப்படியாகக் கற்க வேண்டும் என்றும், அதற்குப் பெற்றோரும் குருக்களும் பொறுப்பு என்றும் ஆணையிலேயே சொல்லப்பட்டது. 1912-ல் அதே பிரான்சிலிருந்து ஏறத்தாழ நானூறு சிறுவர் சிறுமியர் உரோமைக்கு வந்து பாப்பரசருக்கு நன்றி கூறினார்கள்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அந்தத் துயரத்தின் நடுவே, ஆகஸ்டு 20-ம் நாள், ஏழையாகப் பிறந்த அவர் ஏழையாகவே இறந்தார். 1954 மே 29-ம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆகஸ்டு 21 அவர் திருநாள்.

பங்கு மக்களே, இவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? நற்கருணை, புனிதர்களுக்குக் கொடுக்கப்படும் பரிசு அன்று. வழிநடப்போருக்கு உணவு, பலவீனருக்கு மருந்து. குணமான பிறகு மருந்து குடிக்கலாம் என்று காத்திருப்பவன் எப்போது குணமாவான்? அதே வேளையில், அவருடைய ஆணை வழக்கத்துக்காகவும் வீண்பெருமைக்காகவும் வருவதை ஏற்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்து, பகையை மறந்து வருகிறோமா, அல்லது வரிசை நகர்கிறதே என்று நாமும் நகர்கிறோமா?

இன்னொன்றையும் சிந்திப்போம். பிள்ளையின் புதுநன்மைக்குப் புத்தாடை தைக்கிறோம், நிழற்படம் எடுக்கிறோம், உறவினருக்கு விருந்து வைக்கிறோம். மறு ஞாயிறு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தாயும் தந்தையும் முழந்தாளிட்டு நன்மை வாங்குகிறார்களா? புதுநன்மை ஒரு தொடக்கம். அதை முதலும் கடைசியுமாக ஆக்கிவிட்டால், பாப்பரசர் திறந்த கதவை நம் கையாலேயே சாத்தியவர்களாவோம். இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து ஆண்டவரின் பந்திக்கு வருமானால், அதுவே நம் ஆலயத்துக்கு நாம் அளிக்கும் மேலான காணிக்கை.

புனித பத்தாம் பத்திநாதரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.