எரிபொருட் சிக்கனங் கண்ட ருடால்ப் டீசல்

சிறு மோட்டார் வண்டி ஒன்றை உடையார் எவரும், அது நெடுஞ்சாலையில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்துணைத் தூரம் ஓடும் என்பதையே முதற்கண் வினவுவர். எஞ்சினைத் திருத்தியும், சக்கரங்களிற் காற்றின் அளவைச் சரிபார்த்தும், வேகத்தை அடக்கியும் சிறிது மிச்சம் பிடிக்க முயல்வர். எண்ணெயிற் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி வேலை செய்யாமலே வெளியேறிவிடுகின்றது என்பதை உணர்ந்து, அவ்விழப்பைக் குறைத்தற்கெனத் தம் வாழ்நாளையே செலவிட்டார் ஒருவர். அவர் பெயரைப் பெட்ரோல் பங்குகளில் நாடோறும் கேட்கின்றோம். ஆயினும் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அன்னார் வரலாற்றை மாணவ நண்பர்கட்கு ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். பெற்றோர் பவேரியாவிலிருந்து குடியேறியவர். தந்தையார் தோற்பொருள்கள் செய்து பிழைத்தவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூளவே, அக்குடும்பம் பாரிஸை விட்டு நீங்கி இலண்டன் சேர்ந்தது. வறுமையின் கொடுமையால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் இல்லத்துக்கு அனுப்பினர். அவ்வுறவினர் அந்நகரத் தொழிற்பள்ளியிற் கணித ஆசிரியர். அவர் ஆதரவிற் பயின்ற டீசல் முதல்வராகத் தேறி, பின்னர் உதவிச் சம்பளம் பெற்று மூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம்பெற்றார்.

அக்கல்லூரியில் கார்ல் வான் லிண்டே என்னும் பேராசிரியர் வெப்பவியல் கற்பித்தார். அக்காலத்து நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் வேலையாக மாற்றுவதில்லை என அவர் வகுப்பில் விளக்கினார். எஞ்சிய தொண்ணூறும் வீணே! கார்னோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கைப்படி இதனினும் மேலான இயந்திரம் செய்தல் கூடுமா என ஆராயவேண்டும் என்று டீசல் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தார். விரிவுரை முடிந்தவுடன் குறிப்பேட்டை மூடிவிடுதல் நம்மிற் பலர்க்கு இயல்பு. அவரோ அவ்வோரக் குறிப்பை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மறந்திலர்.

நச்சுக்காய்ச்சல் கண்டமையால் 1879-இல் தேர்வு எழுத இயலாது போயிற்று. மறு ஆண்டு தேர்வெழுதிச் சிறப்புடன் வெற்றிபெற்றார். பின்னர் லிண்டேயின் குளிர்ப்பொறித் தொழிலிற் சேர்ந்து, பாரிஸில் பனிக்கட்டிச் சாலையொன்றை நடத்தினார். பகலிற் குளிரை உண்டாக்கியவர் ஓய்வு வேளையில் வெப்பத்தையே எண்ணினார். அம்மோனியா ஆவியால் ஓடும் பொறியொன்றை ஆராய்ந்தபோது அது வெடித்துப் பல திங்கள் மருத்துவமனையிற் கிடந்தார். எழுந்தவர் வழியை மாற்றினாரேயன்றிக் குறிக்கோளை மாற்றினாரல்லர். 1892-இல் புதிய எஞ்சினுக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1893-இல் அதன் கொள்கையை விளக்கி நூலொன்றும் வெளியிட்டார்.

அக்கொள்கை யாது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். காற்றை அழுத்த அழுத்த வெப்பம் மிகும். பெட்ரோல் எஞ்சினிற் காற்றும் எண்ணெயும் கலந்தே அழுத்தப்படுவதால், அழுத்தம் எல்லை கடப்பின் அக்கலவை காலத்துக்கு முன்னரே தீப்பற்றும். டீசல் காற்றை மட்டும் மிகுதியாக அழுத்தி, அது கொதிப்பேறிய பின்னரே எண்ணெயைச் செலுத்தினார். தீப்பொறி இன்றியே எண்ணெய் எரிந்தது. அழுத்தம் மிக, எரிந்த வாயு விரிந்து செய்யும் வேலையும் மிகும். எண்ணெயின் செலவு குறையும்.

ஏட்டில் எளிதாயது இரும்பில் எளிதாயிற்றில்லை. ஆக்ஸ்பர்க் இயந்திரசாலையாரும் குருப் நிறுவனத்தாரும் பொருளுதவி புரிந்தனர். 1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் நடந்த முதற் சோதனையில் அளவு காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் அரிதின் உயிர்தப்பினர். 1894 பிப்ரவரி 17-ஆம் நாள் எஞ்சின் தன்னாற்றலால் ஒரு நிமிட அளவே ஓடியது. தாம் நூலிற் கணித்த அழுத்தம் மிகையானது என்பதைச் சோதனைகள் காட்டவே, டீசல் தம் கணக்கைத் தாமே திருத்திக்கொண்டார். 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்தபோது, வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. நீராவி இயந்திரத்தினும் இஃது இருமடங்குக்கு மேற்பட்டது.

புகழும் செல்வமும் வந்து குவிந்தன. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயாலும் ஓடிக் காட்டியது. எனினும், காப்புரிமை வழக்குகளும், நிலத்தில் இட்ட முதலின் இழப்பும், இடையறா உழைப்பும் அன்னாரின் உடலையும் பொருளையும் அரித்தன. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, ஆண்டுவெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலில் உணவருந்தித் தம் அறைக்குச் சென்றவர், விடியலிற் காணப்பட்டிலர். சில நாட்களின் பின்னர் அவர் உடல் கடலிற் கண்டெடுக்கப்பட்டது. கடனால் மனமுடைந்து தாமே வீழ்ந்தார் என்பாரும், பிறிது கூறுவாரும் உளர்.

அவர் எஞ்சின் எண்ணெயைக் காற்றின் விசையாற் செலுத்தும் பெருங்கருவி உடையதாதலின், சிறு வண்டிகளுக்கு ஏற்றதாக இல்லை. 1927-இல் பாஷ் நிறுவனத்தார் சிறிய எண்ணெய்ப் பம்பைச் செய்து விற்கத் தொடங்கியதும் வழி திறந்தது. 1930 ஜனவரியில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்னும் அமெரிக்கர், பழைய பாக்கார்டு காரொன்றின் எஞ்சினை அகற்றி டீசல் எஞ்சினைப் பொருத்தி, இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை ஏறக்குறைய 800 மைல் ஓட்டினார். எண்ணெய்ச் செலவு 1 டாலர் 38 சென்டே. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் விற்பனைக்கு வந்தது. இவற்றுள் எதனையும் காண அவர் இருந்தாரிலர்.

டீசல் எஞ்சினின் கரியும் நச்சுவாயுவும் நகரங்களைக் கெடுக்கும் என்பதை இக்காலத்தார் உணர்ந்து, அவற்றைக் குறைக்க உழைக்கின்றனர். தம் கணக்கிற் பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொண்ட அப்பெரியார் இம்முயற்சியை வெறார் என நம்புகின்றோம். வெப்பம் வீணாதலைப் பொறாத அவர் தம் உடல்நலம் வீணாதலை நோக்காது விட்டமை நம் நெஞ்சை வருத்துகின்றது. அவர்பால் நாம் கற்கவேண்டுவது, வகுப்பிற் கேட்ட ஒரு சொல்லைக் கைவிடாது போற்றும் உறுதி. நம் குறிப்பேடுகளின் ஓரங்களையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போமாக.